நீங்காது நிற்கும் தொண்டு

யாழ்ப்பாணத்துத் தீவுகளிற் கடமையாற்றும் ஆசிரியர் அனைவரும் நன்கறிந்த சொல் ஒன்றுண்டு. ‘இடமாற்றம்’ என்பதே அச்சொல். நெடுந்தீவுக்கு நியமனம் பெற்ற ஒருவர், குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகுக்குக் காத்து நிற்கும்போதே, மீண்டு வருதற்குரிய விண்ணப்பத்தை மனத்துள் எழுதத் தொடங்கிவிடுகின்றார் என்று நம்மவர் வேடிக்கையாகக் கூறுவர். வேடிக்கையெனினும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆசிரியர்க்கு மட்டுமன்றி வைத்தியர்க்கும் எழுதுவினைஞர்க்கும் இது பொருந்தும். அவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம், சோளகம் எழும் மாதங்களிற் கொந்தளிக்கும் அலை, உவர்ப்பேறிய கிணறுகள், கடைசிப் படகு போய்விட்டால் மறுநாட் காலைவரை அக்கரை செல்ல வழியின்மை. இவற்றிடையே குடும்பம் நடத்துதல் எவர்க்கும் எளிதன்று.

ஆயினும் தீவிற் பிறந்தவர்க்கு இடமாற்றம் என்பது இல்லை. நள்ளிரவிலே நோவு கண்ட கருவுற்ற மங்கைக்கும், நெஞ்சடைத்து வீழ்ந்த முதியவர்க்கும் கடல் கடலாகவே கிடக்கின்றது. ஆதலால் ‘தொண்டு’ என்னும் சொல் தீவகத்திலே தனிப்பட்டதொரு பொருள் பெறுகின்றது. வந்து கொடுத்துவிட்டுச் செல்வோர் பலரைத் தீவுகள் கண்டிருக்கின்றன. கொடுப்பதற்கு யாதுமில்லாத வேளையிலும் உடனிருப்போரைக் காண்பதே அரிது.

நாம் சைவக் குடியிற் பிறந்தோம்; அந்நெறியிலேயே வாழ்கின்றோம். எனினும் கிறித்தவ நெறி நின்று பிறர்க்கு உழைத்த சிலரைப் பற்றி இங்கு எண்ணிப் பார்த்தல் தகும் எனக் கருதுகின்றோம். அவர்களிடத்து நம் உள்ளத்தைக் கவர்ந்தது கொடையின் பெருக்கமன்று. நீங்காமை என்னும் குணமே.

ஊர்காவற்றுறையிலுள்ள கத்தோலிக்கக் கோவில்களிற் பெரிய வியாழனன்று நிகழும் சடங்கைக் கண்டோர் அறிவர். குருவானவர் தம் மேலாடையைக் களைந்து, இடுப்பிலே துண்டு கட்டி, ஊரவர் பன்னிருவரின் கால்களை நீர் வார்த்துக் கழுவித் துடைப்பார். கடற்றொழிலாளியின் வெடித்த பாதமும் அவற்றுள் ஒன்றாக இருக்கும். இயேசுநாதர் தாம் இறப்பதற்கு முந்திய இரவிலே சீடர்களின் கால்களைக் கழுவினார் என்பதை நினைவூட்டும் சடங்கு அது. அக்காலத்து யூத நாட்டிலே அஃது ஏவலாளர் செய்யும் பணி. தலைவன் ஏவலாளனாகக் குனிந்தான் என்பதே அதன் கருத்து.

நல்ல சமாரியன் கதையை நம் மாணவரும் அறிவர். எரிகோவுக்குச் செல்லும் வழியிலே கள்வர் கையிற்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனை, அவன் இனத்தவரும் சமயப் பெரியோரும் விலகிச் செல்ல, அவனுக்கு அயலான ஒரு சமாரியன் எடுத்துக் காத்தான் என்பது கதை. யார் நம் அயலான் என்ற வினாவுக்கு விடையாகவே லூக்கா எழுதிய நற்செய்தியில் அது கூறப்படுகின்றது. ஆயினும் அதிற் பலர் கவனியாது விடும் பகுதியொன்று உண்டு. அச்சமாரியன் காயத்துக்கு மருந்திட்டதோடு தன் வழியே போய்விடவில்லை. தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டு சென்றான். அன்றிரவு அவனைப் பேணினான். மறுநாட் புறப்படுகையிற் சத்திரக்காரனிடம் பொருள் கொடுத்து, மேலும் செலவாயின் தான் திரும்பி வருகையில் தருவதாகவும் சொல்லிச் சென்றான். இரக்கம் ஒரு கணத்திற் பிறந்துவிடும். இரவு முழுதும் விழித்திருப்பதும் மீண்டும் வருவதாக வாக்களிப்பதுமே அதனைத் தொண்டாக்குகின்றன.

இத்தகைய தொண்டுக்கு நமது நாட்டிலேயே ஒரு சான்றுண்டு. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டது. குருமார் ஒருவரும் இலராயினர். அந்நிலையில், கோவாவிலே கொங்கணப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்த யோசேப்பு வாஸ் அடிகள், 1687 இல் ஏழைக் கூலியாளின் வேடத்திலே இலங்கை வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து பணி செய்தார். பின்னர்க் கண்டி சென்றபோது ஒற்றர் என்ற ஐயத்தினாற் சிறையிடப்பட்டார். 1697 இல் அந்நகரில் அம்மைநோய் பரவியது. அரசனும் அவனைச் சார்ந்தோரும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோர் காடுகளில் விடப்பட்டனர். வாஸ் அடிகளும் அவருடைய மருகராகிய குருவானவரும் அகலவில்லை. நோயாளர்க்குக் குடிசை அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தர் யார், கத்தோலிக்கர் யார் என்று கேட்டு அவர்கள் கஞ்சி வார்க்கவில்லை. தம்மைச் சிறையிட்ட நகருக்கே அவர் இவ்வாறு உழைத்தார். 1711 இல் கண்டியிலேயே அவர் உயிர் துறந்தார். பிறந்த மண்ணுக்கு மீண்டாரல்லர். 2015 இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

காரைநகர்ப் பாலத்துக்கு இப்பால், பெருநிலப் பக்கத்தே உள்ளது வட்டுக்கோட்டை. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் அங்கு வந்தார். பின்னர் மானிப்பாயிலே தங்கி வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்திற் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வேற்றூர் செல்லும் இயல்பினர் என்பதை அவர் கண்டார். தமிழிற் பயின்றோரே கிராமத்தில் நிலைத்து நிற்பர் என எண்ணித் தமிழைத் தாமே செவ்வையாகக் கற்று, 1864 முதல் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவாகத் தமிழுக்குக் கிடைத்தன. அவரிடம் பயின்று வைத்தியராயினோர் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர். 1873 இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பியபின்பும் அவர் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை. தமது கல்லறையில் தாம் தமிழர்க்கு உழைத்த மருத்துவ ஊழியர் என்பது பொறிக்கப்பட வேண்டும் என்றே விரும்பினார். தாம் என்றும் இருக்க இயலாது என்பதை உணர்ந்து, இருக்கக்கூடியவர்களை உருவாக்கிச் சென்றதே அவருடைய பெருமை.

இவ்விடத்திலே நம் வீட்டுப் பெரியோர் ஒரு கேள்வி கேட்பர். “மீனுக்கு இடும் இரை மீன்மேற் கொண்ட அன்பாகுமா? அவர்கள் செய்ததெல்லாம் மதம் மாற்றுவதற்காக அல்லவா?” இக்கேள்வியை ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிசன் பாடசாலைகளிற் சோறும் உடையும் தந்து சமயமும் புகட்டினர். கடல் கடந்த கொடையாளரின் பெயர்களை நம் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. இதனைக் கண்டு வெகுண்டெழுந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். அவர் வெறுமனே வெகுண்டிருந்தாரல்லர். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1870 களின் பிற்பகுதியில் நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். ஒருவர் செய்த தொண்டு மற்றவர் உள்ளத்திலும் தொண்டை எழுப்பிற்று. அந்தப் போட்டியினால் யாழ்ப்பாணத்து ஏழைக்கு நன்மையே விளைந்தது.

ஆயினும் தொண்டு தூண்டிலா, அன்பா என்பதை அறிய ஓர் உரைகல் வேண்டுமன்றோ? நமக்கு அதனைக் காட்டியவர் நம் ஆச்சியே.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவிற் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். நமக்கு அப்போது பதினைந்து வயது. கொட்டும் மழையில் நடந்து, ஒரு கன்னியர் மடத்தின் விறாந்தையில் நம் குடும்பம் ஒதுங்கியது. ஆச்சி கடும் ஆசாரமுடையவர்; பிறர் சமைத்த உணவைத் தொடாதவர். பெரிய அண்டாவிற் கஞ்சி காய்ச்சி அனைவர்க்கும் வார்த்துக் கொண்டிருந்தார்கள். ஆச்சி தமக்குப் பசியில்லை என்றார். மறுநாளும் அவ்வாறே சொன்னார். அங்கிருந்த வயது முதிர்ந்த கன்னியர் ஒருவர் சற்று நேரம் அவரைப் பார்த்து நின்றார். பிறகு உள்ளே சென்று, ஒரு பானையும் இரண்டு சுண்டு அரிசியும் சிறிது விறகும் கொண்டுவந்து வைத்தார். “ஆச்சி, அந்த வேப்பமரத்தடியிலை நீங்களே பொங்குங்கோ. இது மச்சம் புழங்காத பானை” என்றார்.

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. நாம் அங்கிருந்த காலமெல்லாம் அந்தப் பானை ஆச்சிக்கு உரியதாயிற்று. கன்னியர் தம் அறைகளை நோயாளர்க்கு விட்டுத் தாம் சமையற்கட்டிற் படுத்துறங்கினர். அதிகாலையில் அவர்கள் செபம் சொல்லும் ஒலி கேட்கும். வேப்பமரத்தடியில் ஆச்சி திருநீறு பூசித் தேவாரம் ஓதுவார். ஒருவர் மற்றவரைத் தம் பக்கம் அழைத்தாரல்லர். மறு ஆண்டு ஊர் திரும்பியபின், தைப்பொங்கலன்று ஆச்சி ஒரு கிண்ணத்திற் பொங்கல் எடுத்து, “அது அந்த மடத்தம்மாக்கு” என்று தனியே வைப்பார். கொண்டுபோய்க் கொடுக்க வழியிராது. மாலையில் அதனை அயல்வீட்டுப் பிள்ளைகள் உண்பர். ஆச்சி மறையும்வரை அவ்வழக்கம் மாறவில்லை.

பெறுபவர் தம் சமயத்தோடும் மானத்தோடும் இருந்தபடியே பெற்றுக்கொள்ள இடந்தருவதே அன்பு என்பதை அன்று நாம் கண்டோம். இன்றும் எவர் செய்யும் தொண்டையும், அவர் சைவராயினும் சரி, கிறித்தவராயினும் சரி, அந்தப் பானையைக் கொண்டே அளந்து பார்க்கின்றோம்.

இனி, தீவகத்தின் அண்மைக்கால வரலாற்றில் மறக்கலாகாத ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைத் தீவினுட் புகுவோர் முதலிற் காணும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டி. சைவரும் கத்தோலிக்கரும் அயலயலே வாழும் சிற்றூர் அது. 2006 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வூரிலே பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். ஊரே அச்சத்தில் மூழ்கியிருந்த அக்காலத்திற் பங்குத்தந்தையாக அங்கு வந்தவர் திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகள். அவர்க்கு வயது முப்பத்து நான்கு.

அவ்வாண்டு ஆகஸ்ட் 11 ஆம் நாள் குடாநாட்டிற் போர் மீண்டும் வெடித்தது. அல்லைப்பிட்டி மக்கள் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தினுள்ளே தஞ்சம் புகுந்தனர். 13 ஆம் நாள் அவ்வாலயத்தின்மீது எறிகணைகள் வீழ்ந்தன. உள்ளே இருந்தோரிற் பலர் மாண்டனர், பலர் காயமுற்றனர். அந்நிலையிலே அடிகள் தம் உயிரைப் பொருட்படுத்தாது, காயமுற்றோரை அப்புறப்படுத்தவும் எஞ்சியோரை ஊர்காவற்றுறைக்குக் கொண்டு சேர்க்கவும் முன்னின்றார். மக்கள் பாதுகாப்பான இடம் சேர்ந்தனர். அவரும் அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கியிருப்பின் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 20 ஆம் நாள் அவர் மற்றொருவரையும் உடன்கொண்டு மோட்டார்ச் சைக்கிளில் அல்லைப்பிட்டிக்குச் சென்றார். கடற்படையினரின் சோதனைச் சாவடியருகே அவர்களைக் கண்டோர் உளர். அதன்பின் இருவரையும் கண்டார் எவருமிலர். யாழ்ப்பாண ஆயரும் உலகெங்குமுள்ள மனித உரிமை அமைப்புகளும் வினவின. ஆண்டுகள் பல உருண்டபின்னும் விடை கிடைத்திலது. உடன் சென்றவர் குழந்தைகளின் தந்தை. அவருக்காகவும் ஒரு குடும்பம் காத்திருக்கின்றது.

இந்நிகழ்ச்சியை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம், “அவர் ஏன் திரும்பிப் போனார்?” என்று எவரேனும் ஒருவர் கேட்பர். அவர் உள்ளத்தை நாம் அறியோம். ஆயினும் அவர் சார்ந்த நெறியிலே மேய்ப்பனுக்கும் கூலிக்காரனுக்கும் வேற்றுமை சொல்லப்பட்டிருக்கின்றது. ஓநாய் வரக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடுபவன் கூலிக்காரன். மேய்ப்பனோ ஆடுகளை விட்டு அகலான். அச்சிறு உவமையை அவர் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர் என்று மாணவர்க்குச் சொல்வோம். வகுப்பறை சற்று நேரம் அமைதியாகிவிடும்.

நீங்காமை என்பதை ஊரெல்லையைத் தாண்டாமை என்று கொள்ளுதலும் பொருந்தாது. தீவகத்துக் குடும்பங்களில் ஒருவரேனும் வெளிநாடு செல்லாத குடும்பத்தைத் தேடிக் காணவேண்டிய காலம் இது. போனவர் அனைவரும் கடமை மறந்தோர் என்று நாம் எவ்வாறு கூறுவோம்? ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொன்னில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள், உரோமாபுரியிற் கல்வி பயின்று குருவானவர். தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்திலேயே தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். தம் தாய்மொழியை வளர்ந்தபின் மாணவராக அமர்ந்து கற்க அவர் நாணவில்லை. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார்; 1952 இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கி, தமிழின் சிறப்பைப் பிறநாட்டார் அறியச் செய்தார். 1966 இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த முதலாவது உலகத் தமிழ் மாநாட்டின் பின்னின்ற பேருழைப்பு அவருடையது. உலகைச் சுற்றிய அவர் தமிழைவிட்டு ஒருநாளும் நீங்கினாரல்லர். உடல் எங்கிருந்தாலும் உள்ளம் ஒன்றிலே நிலைத்திருத்தல் கூடும் என்பதற்கு அத்தீவு மகனே சான்று.

சைவர்க்கு இத்தகைய தொண்டு புதியதொன்றன்று. உழவாரப் படையை ஏந்தி ஊர்தோறும் திருக்கோயில் வீதிகளைச் செப்பனிட்ட அப்பரடிகள் நம்மவரே. நயினாதீவிலே நாகபூசணி அம்மனைத் தரிசிக்க வருவோர்க்கு ‘அமுதசுரபி’ என்னும் பெயர் தாங்கிய மண்டபத்தில் அன்னம் வழங்கப்படுகின்றது. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இத்தீவே எனக் கொள்வோர் பலர். பௌத்த காப்பியத்தின் பாத்திரம், சைவக் கோயிலின் மடைப்பள்ளியிலே பெயராக வாழ்கின்றது. அப்பந்தியில் அமர்பவர் எச்சமயத்தவர் என்று எவரும் கேட்பதில்லை. இலையின் முன்னே அமர்ந்தவன் பசித்தவன் என்பது ஒன்றே போதும்.

ஆயினும் திருவிழாக் காலத்து அன்னதானத்துக்குக் கைகள் ஆயிரம் எழுகின்றன. திருவிழா முடிந்து, வந்தோர் அனைவரும் படகேறிச் சென்றபின் தீவின் நிலை யாது? இன்று தீவகத்தின் தேவை முற்காலத்துத் தேவையன்று. பஞ்சமும் கொள்ளைநோயும் இல்லை. பூட்டிய வீடுகளும், கூரை சரிந்த வீடுகளும், அவற்றிடையே தனித்திருக்கும் முதியோருமே உளர். மாதந்தோறும் மக்களிடமிருந்து பணம் வருகின்றது. பணத்தை எடுக்க வங்கிக்குக் கூட்டிச் செல்லத்தான் ஆளில்லை. மருந்துச் சீட்டு இருக்கின்றது. எந்த வில்லையை எப்போது விழுங்குவது என்று வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். யாழ்ப்பாண வைத்தியசாலைக்குப் போகவேண்டின் படகிலே ஏற்றி இறக்க ஒரு கை வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செல்வமோ சபையோ தேவையில்லை. நேரம் ஒன்றே தேவை. நம் காலத்தவர் பொருளைக் கொடுப்பதிலும் நேரத்தைக் கொடுப்பதிலேயே மிகுந்த வறுமையுடையோராயிருக்கின்றனர்.

ஆதலின் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. உங்கள் ஒழுங்கையிலே தனித்திருக்கும் ஒரு முதியவரை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு மாலை அவரிடம் செல்லுங்கள். அவர் வீட்டுச் சுவரிலே பிள்ளையார் படம் இருக்கிறதா, திருக்குடும்பப் படம் இருக்கிறதா என்று பாராதீர்கள். முதல் மாலை அவர் மகிழ்வார். ஆயினும் உங்களை முழுதும் நம்பமாட்டார். இவ்வாறு வந்து போனோர் பலரை அவர் முன்னரும் கண்டிருக்கின்றார். மழை நாளிலும் தேர்வுக் காலத்திலும் நீங்கள் மறவாது சென்று நிற்பீர்களாயின், ஆறாம் மாலையோ ஏழாம் மாலையோ, நீங்கள் வருமுன்பே படலையைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்.